பூட்டியிருந்த வீடு

அந்தப் பரீட்சை அட்டை இப்போது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மூலைகள் பிய்ந்து, கிளிப்பில் துருவேறிய அட்டை. எங்கள் கோயில் பங்கில் ஃபாதருக்குத் துணையாக இருந்த உபதேசியார், பங்கு மக்களை வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் போவார். அதை எடுத்துப் பார்க்கும் நாட்களில் எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஒவ்வொரு பங்கும் தன் மக்களுக்கு எந்த அளவுக்குப் பணி செய்கிறது என்று கண்டறிந்து எழுத வேண்டுமாம். ஃபாதர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் காலத்தை ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். திருகாணியை அளந்தவன் பங்கை அளக்கமாட்டானா என்று நினைத்திருப்பார். நானும் மிடுக்காகக் கேள்விகள் தயாரித்தேன். பிரசங்கம் புரிகிறதா, மைக் சரியாகக் கேட்கிறதா, நோயில் விழுந்தால் கோயிலிலிருந்து யாராவது வருகிறார்களா? ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். உபதேசியார் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டயே பத்திரிகை கிடைச்சுதான்னு கேக்கறீங்களே சார்!”

ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளே மேசையை மடித்துவிட்டு அவரோடு வீடு வீடாகக் கிளம்பினேன். கண்டோன்மென்ட் பக்கத்துச் சந்துகளில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத மாடிப்படிகள். பூட்டிய வீடு வந்தால் நான் தாளில் ‘பூ’ என்று குறித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர் நகரமாட்டார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கன்னடமோ உருதுவோ, அந்த வீட்டுக்காரர் பாஷையிலேயே விசாரிப்பார். டெய்லரம்மா மகள் பிரசவத்துக்கு ஆனேக்கல் போயிருக்கிறார், மேல்வீட்டுக்காரர் மகன் கல்யாணத் தகராறுக்குப் பிறகு கோயில் பக்கமே வருவதில்லை. எல்லாம் அப்படித்தான் தெரியவந்தது. ஒரு சந்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். நான் முகம் சுளிப்பேன். “பூட்டு ஒண்ணும் சொல்லாது சார், பக்கத்து வீட்ல சொல்லுவாங்க” என்பார். அடுத்த வாரமே ஃபாதரைக் கூட்டிக்கொண்டு மேல்வீட்டுக்காரர் முன்னால் போய் நிற்பார்.

மறுவருடம் அவருக்கு முழங்கால் ஓய்ந்துவிட்டது. பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்தோம். கணக்கெடுப்புக்கு நான் தனியாகப் போனேன். அவர் தெருவுக்குப் போன அன்று நல்ல வெயில். அவர் வீடு இரண்டாவது மாடியில், பூட்டியிருந்தது. காய்கறி வாங்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எனக்குக் கால் வலி, ஒரு டீ கிடைத்தால் போதும் என்றிருந்தது. ‘பூ’ போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

பூட்டிய வீடுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது நானே வகுத்த விதி. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர், நோயில் விழுந்தால் கோயிலிலிருந்து வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஃபாதர் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார். கைதட்டினார்கள். நானும் எழுந்து கும்பிட்டேன்.

அந்த வாரமே உபதேசியார் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். இருபது நாள் படுக்கையில் இருந்திருக்கிறார். சாகக் கிடந்த எத்தனையோ பேருக்கு அவஸ்தை பூச, அந்தக் கடைசி எண்ணெய்ப் பூசுதலுக்கு, ஃபாதரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடியவர். அவர் பூசுதல் பெறாமலே போனார். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் மனைவி இந்த அட்டையை என்னிடம் கொடுத்தார்.

“பக்கத்து வீட்டு பாய் சம்சாரத்துகிட்டதாண்ணா சாவி குடுத்து வெச்சிருந்தேன். கோயில்லருந்து யாரு கேட்டாலும் எந்த வார்டுன்னு சொல்லுங்கன்னு சொல்லியிருந்தேன். யாருமே வந்து கேக்கல. நான் ஃபாதருக்கு போன் பண்றேன்னா, இவரு வேணாம்னுட்டாரு. சர்வே நம்ம தெருவுக்கு வர்ற நேரம்தான், சார் விசாரிச்சுட்டு வந்துருவாருன்னு சொல்லிட்டே இருந்தாரு.”

அட்டையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

இந்த வருடம் கேள்விகளை எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாளில் முடிந்தது. “ரிசல்ட் சூப்பர் சார்” என்றார் புதிதாக வந்திருக்கும் ஃபாதர். பூட்டிய வீடு என்று ஒன்றுகூட இல்லை. எந்த வாசலுக்கும் யாரும் போகவில்லையே! சண்டை போட எனக்குத் தெம்பில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாதம் ஒருமுறை அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன். காபி கொடுத்து, “நீங்களாவது வர்றீங்களேண்ணா” என்கிறார். அன்று பூட்டு வரை வந்து திரும்பியவன் நான்தான் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அந்த வருடத்துத் தாளை உபதேசியாரின் அட்டையிலேயே செருகி வைத்திருக்கிறேன். அவர் கதவு எண்ணுக்கு நேரே, என் கையெழுத்தில், ‘பூ’. அளந்தே பழகிய புத்தி, போன மாதம் அங்கே போனபோது எட்டு வைத்து அளந்து பார்த்தேன். அவர் வாசலிலிருந்து பக்கத்து வீட்டு வாசலுக்கு நான்கு எட்டு.