ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல்

சேலத்துக் கடைக்காரர் பேசும் கருவி பொருத்திய ஒரு ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டு, இன்னொன்றின் மைக்கை வாயருகே வைத்துப் பேசினார்.

"கேக்குதுங்களாண்ணா?"

"இடது பக்கம் நல்லாக் கேக்குது. வலது பக்க ஸ்பீக்கர் போயிருக்குது. வேற ஒண்ணு பிரிங்க."

பிரித்தார். அதிலும் வலது பக்கம் போயிருந்தது. மூன்றாவதிலும் அதே கதைதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் மலையிலிருந்து இறங்கி வந்தவனுக்கு இப்படியா சரக்கு காட்டுவது என்று கேட்டேன். கடைக்காரர் என் வயதுக்காரர்தான். ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டி, இன்னொன்றின் மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார். கழற்றி மேசை மேல் வைத்தார்.

"ஸ்பீக்கர்ல ஒரு குறையும் இல்லீங்கண்ணா" என்றார், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி.

எனக்குத் தெரியாதா என்ன? எஸ்டேட்டில் காபிப் பழத்துக்குத் தோல் உரிக்கும் இயந்திரத்தின் அருகில் பல வருடம் நின்றவன் நான். வலது காது இனி அவ்வளவுதான், இடது காதையாவது பத்திரமாக வைத்துக்கொள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. காதோடு ஒட்டி ஒரு ஸ்பீக்கரை வைத்தால் ஒருவேளை கேட்டுவிடும் என்று ஒரு நப்பாசை. அது அந்தக் கடையில் தீர்ந்துபோனது.

வீட்டிலோ கூட்டாளிகளிடமோ சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்ட பிறகு, ஊர் ஊராகப் போகவென்றே ஒரு பெரிய வண்டி வாங்கியிருந்தேன். நாங்கள் நான்கு குடும்பங்கள், நான்கு வண்டிகள். மழை முடிந்ததும் கன்னியாகுமரி வரை போவதாகப் பேச்சு. என் மனைவி வண்டி வாங்கிய அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "கண்ணோ காதோ எப்பச் சரியில்லையோ, அன்னைக்கே வண்டிய வித்துப்போடோணும். அப்பறம் பஸ்ஸுலதான்." அவள் சொன்னால் சொன்னதுதான். காது விஷயம் தெரிந்தால் வண்டியும் போகும், பயணமும் போகும்.

கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று ஓட்டுகிறவரும் பின்னால் உட்கார்ந்திருப்பவரும் மட்டும் பேசிக்கொள்வது. இன்னொன்றில் கூட வருகிற எல்லா வண்டிக்காரர்களும் ஒரே சமயத்தில் பேசலாம்.

"உங்குளுக்கு இந்த ரெண்டு பேர் பேசறதே போதுமுங்க. ஒரே குரல்தான் வரும், கொழப்பம் இருக்காது. ஸ்பீக்கரையும் காதுல அழுத்தாம, கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சுத் தர்றேன். மலையில ஹாரன் கேக்கோணுமில்லீங்க?"

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். என் கூட்டாளிகள் மூவரும் எல்லோரும் பேசுகிற வகையைத்தான் வைத்திருந்தார்கள். நான் மட்டும் தனியாக வந்தால் ஏன் என்று கேட்பார்களே. வீம்புக்கு அதையே வாங்கினேன். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாதாம், கையுறையோடு அழுத்தலாமாம், என்றெல்லாம் வீட்டில் வந்து அளந்தேன். ஸ்பீக்கரை மட்டும் அவர் சொன்னபடி தள்ளி வைக்கச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலை நானும் என் மனைவியும் ஆளுக்கொரு புது ஹெல்மெட்டோடு எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்கிலிருந்து சும்மா கிளம்பினோம். ஏரியைத் தாண்டியதும் பனி வந்து மூடிக்கொண்டது. சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை தெரியவில்லை, அடிமரம் மட்டும் வந்து வந்து போயிற்று. வண்டி நகர்கிறதா, மரங்கள் நகர்கின்றனவா என்றே புரியாத ஒரு வெள்ளை. அதற்குள் அவள் குரல், என் தலைக்குள்ளிருந்து வருவது போல.

"அந்த ஊட்டுக்காரங்க செவுத்துக்கு நீலம் அடிச்சுட்டாங்க பாருங்க. போன மாசம் மஞ்சளா இருந்துச்சு."

நான் அந்த வீட்டையே இதுவரை பார்த்ததில்லை.

"இந்த வளைவு வந்தாத்தானுங்க காபிப் பூ வாசம் வரும். இப்ப வராது, பூக்கற காலத்துல. இங்க வந்தா நான் மூச்ச இழுத்துப் புடிச்சுக்குவேன்."

பேசிக்கொண்டே வந்தாள். பலா மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடி, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு, தோட்டத்துக்குள் இறங்கிப் போகிற ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் ஒருநாள் நடந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசையாம். நான் மெதுவாகவே ஓட்டினேன். எங்கேயும் போய்ச் சேர வேண்டாம் என்றிருந்தது. இப்படியே பனிக்குள் இந்தக் குரலோடு போய்க்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது.

"இதெல்லாம் எப்ப இருந்து பாக்கற, புள்ள?"

"நான் எப்பவும் பேசிக்கிட்டுத்தானுங்க வர்றேன். நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டுத்தான வந்தீங்க?"

ஆட்டியிருக்கிறேன். பழைய வண்டியிலிருந்து இத்தனை வருடமும், பின்னால் ஏதோ சத்தம் வந்தால் தலையை ஆட்டுவது என் வழக்கம். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கண்ணாடிக்குள் ஈரம் படிந்துவிட்டது, துடைக்க வேண்டும் என்று சொல்லி வண்டியை ஓரம் கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வண்டிகளும் சேர்ந்து சேலத்துக்கு இறங்கின. டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி மலையேறினோம். மூன்று வண்டிகள் முன்னால் போயின, என்னுடையது கடைசி. மற்ற ஏழு பேர் குரலும் ஒன்றாக வந்தது. வீட்டில் கேட்கும் குரல் வேறு, ஸ்பீக்கர் வழியாக வரும் குரல் வேறு. எல்லாமே மெலிந்து, தகரத்தில் தட்டினாற்போல. அதுவும் எனக்கு ஒரே காதில். யார் பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. சிரித்தபோது சிரித்துவைத்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியிருப்பேன். "ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க" என்று ஒரு குரல்.

எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ஏனுங்க என்றால் புருஷன் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்ப்பாள். அதனால் ஏனுங்க என்றதும் என் கையும் காலும் தாமாகவே பிரேக்கைப் பிடித்தன. வளைவின் நட்டநடுவில் வண்டி நின்றது.

மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. அது ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். எனக்குக் கேட்கவில்லை. என் மனைவி இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றபோது, அதன் முகப்பு எங்களுக்கு ஒரு முழத்தில் இருந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க, வளைவுல நிறுத்தினா எப்படிங்க? சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலீங்களா?" எங்கள் ஊரில் திட்டுக்கும் மரியாதை உண்டு.

வண்டியைத் தள்ளி, தடுப்புச் சுவரோரம் நிறுத்தினேன். முன்னால் போன மூன்று வண்டிகளில் ஒன்றுதான் நின்றிருந்தது. அந்த வண்டிக்காரரின் மனைவிதான் போட்டோ எடுக்க நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் நின்றார். மற்ற இருவரும் அது தங்கள் மனைவி குரல் இல்லை என்று தெரிந்து போய்க்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும்தான் அடுத்தவன் மனைவி கூப்பிட்டதற்கு நின்றவன்.

என் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரின் மேல் வைத்தாள். பஸ்ஸைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"என்ற கொரலு உங்குளுக்குத் தெரியலீங்களா?" என்றாள்.

இதற்கு என்ன பொய் சொல்வது? கீழே சேலம் வெயிலில் கிடந்தது. சொல்லிவிட்டேன். வலது காது, டாக்டர், கடையில் மூன்று ஹெல்மெட்டைக் குறை சொன்னது, எல்லாம். அவள் என் வலது பக்கம் வந்து நின்று ஏதோ பேசினாள். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு இடது பக்கம் வந்து, "ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள்.

மூன்று நாள் வண்டி பேச்சே இல்லை. சோறு போட்டாள், டீ கொடுத்தாள். வண்டியைக் கேட்டு யாரோ வரப்போகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, வாசலில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலை இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இனிமே தனியா எடுக்கக் கூடாது. நான் பின்னால இருந்தாத்தான் வண்டி நவுரோணும். வலது பக்கம் வர்றத நான் பாத்துச் சொல்லுவேன், நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க. சரிங்களா?"

"கன்னியாகுமரிக்கு?"

"மொதல்ல கோயிலுக்கு ஓட்டுங்க. பாக்கலாம்."

சேர்வராயன் கோயில் சாலையில் அன்றைக்கும் பனிதான். மலை உச்சி எங்கே இருக்கிறது என்று நினைவில்தான் தெரிந்தது. அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்: வலது பக்கம் ஜீப் வருதுங்க, கொஞ்சம் நில்லுங்க, போயிருச்சு, போங்க. காற்று ஈரமாக முகத்தில் பட்டது. பிறகு சாலை காலியாகிவிட்டது. ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அத்தன பேர் பேசறப்ப ஏனுங்கன்னு கூப்புட்டா நீங்க எவ கூப்புட்டாலும் நிப்பீங்க" என்றாள். "அதான் ஊட்டுல தனியா இருக்கறப்ப சொல்லிப் பழகினேன். சிரிக்கக் கூடாது."

"எதை?"

சொன்னாள். என் பெயரை. அம்மா போன பிறகு அதை அப்படி முழுதாக யாரும் சொன்னதில்லை. அவள் குரலில் அது யாரோ புது மனிதனுடைய பெயர் போல இருந்தது. எனக்கு அந்த மனிதனாக இருக்க ஆசை வந்தது. வண்டியைப் பனிக்குள் இன்னும் மெதுவாக்கினேன்.

"கேட்டுதுங்களா?"

"கேக்கலை" என்றேன்.