ஏறும்போதும் எரியும் டைனமோ

இந்த ஜெர்மன் ஊருக்கு வந்த புதிதில், பட்டப்பகலில் விளக்கெரிய வந்த சைக்கிள்காரர்களுக்கெல்லாம் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துச் சைகை காட்டினேன். லைட் எரிகிறது என்று சொல்ல நாம் காட்டுவோமே, அதுதான். இவர்களோ சிரித்துக்கொண்டே எனக்குக் கையசைத்தார்கள். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் சிநேகிதம்! பிறகுதான் தெரிந்தது, இங்கே டைனமோ முன்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. டயரில் உரசாது, மிதிப்பதும் கனக்காது. அதனால் விளக்கை யாரும் அணைப்பதே இல்லை.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியுமுன் டூட்டிக்குப் போக அப்படி ஒரு வண்டி வேண்டுமென்று சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் இரண்டைக் காட்டினாள். ஒன்று இலேசானது, நல்ல வேகத்தில் போனால்தான் விளக்குச் சரியாக எரியும். மற்றது கனம், நடக்கிற வேகத்துக்கே எரியும். லீவில் வண்டியை எங்கள் ஏற்காடு மலைக்கும் கொண்டுபோவேன் என்றேன்.

“மலையில் என்ன வேகத்தில் ஏறுவாய்?”

“பஸ் வேகத்தில்.”

அவள் என் கால்களை மரியாதையோடு பார்த்தாள்.

எங்கள் வழக்கம் அவளுக்கு எங்கே தெரியும்? அந்த மலைமேல் நாகலூரில் கடை வைத்திருக்கும் என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், சேலத்திலிருந்து திரும்பும்போது சைக்கிளைப் பஸ் மேலே போட்டுவிடுவார். இறங்கும்போதுதான் அதில் உட்காருவார். எனக்கும் சைக்கிள் என்றால் மலையிறங்கும் வண்டிதான். இதைச் சொன்னதும் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “இறங்குவதற்கு இலேசானதே போதும்” என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறந்த ஊருக்கு ஒருதரமாவது சொந்தக் காலால் ஏறவேண்டாமா? கனமானதையே வாங்கினேன்.

போனில் அத்தாவுக்கு ஒரே கேலி. “பஸ்ஸு இருக்கையில உனக்கு ஏஞ் சாமி இந்த வேல? வெளக்கு அணையாம ஊடு வந்து சேரு, கடைக்கு வர்ற அத்தன பேருக்கும் நான் டீ வாங்கித் தர்றேன்.”

லீவில் வண்டியோடு ஊருக்குப் போய், அடிவாரத்திலிருந்து காலையில் மிதிக்கத் தொடங்கினேன். பாதி மலையில் பனிமூட்டம். கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கியது, விளக்கு மினுக்கியது. பக்கத்தில் ஒரு பஸ் வேகம் குறைந்தது.

“ஏனுங்க, நொம்ப செரமப்படறீங்க. வண்டிய மேல போட்டுரலாம், ஏறுங்க!” என்றார் கண்டக்டர்.

ஏறிவிடத்தான் ஆசை. “வேண்டாமுங்கண்ணா” என்று வாய் சொல்லிவிட்டது. பஸ் போனதும் என்னையே திட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினேன். அடடா, தள்ளும்போதும் எரிந்தது! ஆளில்லாத ரோட்டில் கைகொட்டாத குறையாகச் சிரித்தேன். ஏற்காடு தாண்டி நாகலூர் போய்ச் சேரும்வரை, மிதித்தும் தள்ளியும், அதை அணையவே விடவில்லை.

அத்தா கடையிலிருந்து ஓடிவந்தார். “யா அல்லா, ஏறிட்டியே கண்ணு!” அன்று பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் டீ.

லீவு முடிந்து வண்டியைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கினேன். அத்தா முன்சக்கரத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார், ஒயரில் மாட்டியிருந்த விளக்கு எரிந்தது.

“இது மட்டும் இங்க கெடக்கட்டுமா சாமி? மறுக்கா ஏறி வரோணுமில்ல.”

சக்கரத்தையும் விளக்கையும் அவரிடமே விட்டு வந்தேன். கரண்ட் போனால் கடையில் அதைச் சுற்றி வெளிச்சம் காட்டுகிறாராம், ஊரே வேடிக்கை பார்க்கிறதாம். இங்கே என் பால்கனியில், பின்சக்கரம் மட்டும் உள்ள வண்டி சுவரில் சாய்ந்து நிற்கிறது.