வரவேற்பு வளைவும் வண்டி மாமாவும்

1964 மார்ச்சு 17, செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது. வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகமில்லை. எங்கள் தெருமுனைத் தீயணைப்பு நிலையத்தை அன்று பிற்பகல் மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது.

அந்த நிலையத்தின் அன்றாடத்தைச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு கொட்டகை, ஒரு வண்டி, கூரைமேல் ஒரு சங்கு. சுற்றுவட்டாரத்தில் தீ விபத்து அரிதாகையால் நிலையத்தார் பெரும்பாலும் தூசியோடுதான் போரிட்டனர். குழாய், நிலைய அதிகாரியின் ரோஜாப் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சியது. ஏணி, அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்த் திரும்பியது. இத்தகைய ஒழுங்கிற்காகவே அந்நிலையம் ‘தூய்மையான நிலையம்’ என்னும் கேடயத்தை இருமுறை பெற்றிருந்தது.

வண்டியை ஓட்டியவரைத் தெருப் பிள்ளைகளாகிய நாங்கள் வண்டி மாமா என்று அழைத்தோம். வண்டியின் பித்தளை மணியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, அதில் முகம் பார்த்து மீசையைச் சீவிக்கொள்வார். நாங்கள் படியில் ஏறினால், “இறங்குங்க, கைரேகை விழுது” என்பார். அவரிடம் இருந்த ஒரே குறை, கேட்டதற்கு உள்ளபடியே விடை சொல்வது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவருடைய வாய் அவரைப் பிழைக்க விட்டதில்லை. முந்தைய அதிகாரி தம் மகனைப் பாடவைத்து, எப்படி என்று கேட்டபோது, “நம்ம சங்கு பரவாயில்லைங்க ஐயா” என்றார். தலைமை ஓட்டுநர் பதவி அத்தோடு தள்ளிப்போயிற்று.

அப்பதவியோடு நிலையத்தின் பின்புறமிருந்த வீடும் கிடைக்கும். மாமாவும் அத்தையும் மூன்று பெண்களும் ஒற்றை அறையில் காலம் தள்ளினர். ஒருவர் புரண்டு படுத்தால் ஐவரும் புரள வேண்டும். இம்முறை புதிய அதிகாரி பரிந்துரைத்துவிட்டார். மேலதிகாரி சரியென்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அன்று காலை அத்தை, மாமாவின் சீருடையில் பொத்தான் தைத்துக்கொண்டே பேசியது எங்கள் வீடுவரை கேட்டது.

“இன்னைக்கு ஒரு நாள் வாயை அடக்குங்க. யார் என்ன கேட்டாலும் ‘ஆமாங்க ஐயா’. அவ்வளவுதான்.”

“மழை பெய்யுதான்னு கேட்டா?”

“நனைஞ்சிட்டேன்னு சொல்லுங்க.”

நிலையத்தின் வாயிலில் அதிகாரி மூங்கிலால் ஒரு வரவேற்பு வளைவு எழுப்பியிருந்தார். கார் நுழையும், தீயணைப்பு வண்டி நுழையாது. மாமா அதை அண்ணாந்து பார்த்தார்.

“ஐயா, இது நின்னா வண்டி வெளியே போகாதே.”

“வண்டி எதுக்கய்யா வெளியே போகணும்? அவர் பார்க்க வர்றதே வண்டியைத்தானே?”

மாமா அத்தையை நினைத்துக்கொண்டு, “ஆமாங்க ஐயா” என்றார். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்னதால் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில், அடுத்த தெரு மெத்தைக் கடைக்காரர் ஒற்றைக்கால் செருப்போடு ஓடிவந்தார்.

“கடையில பஞ்சு பத்திக்கிச்சு. மாடியில ஒரு குடும்பம் இருக்கு, சீக்கிரம் வாங்க.”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரு அரை மணி நேரம் சமாளிக்க முடியுமா? பெரியவர் வந்துட்டுப் போயிடட்டும்.”

“பஞ்சுகிட்ட கேட்டுச் சொல்லவா?” என்றார் கடைக்காரர்.

கூரைகளுக்கு மேல் கரும்புகை எழுந்தது. மாமா வண்டியில் ஏறி அமர்ந்தார், மற்றவர்களும் தொற்றிக்கொண்டனர். வளைவு முறிந்தது. ஈ உட்காரவும் பொறுக்காத அந்தச் சிவப்பு வண்டியின் இருபுறமும் மூங்கில்கள் கரகரவென்று கீறின. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ‘நல்வரவு’ என்று எழுதிய துணி ஏணியில் மாட்டிக்கொண்டு கூடவே பறந்தது. நல்வரவு கூறிக்கொண்டே ஒரு தீயை அணைத்த பெருமை வேறெந்த நிலையத்திற்கேனும் உண்டா என்று நானறியேன். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

கடையில் பாதி கரியாயிற்று. மாடியிலிருந்த குடும்பம் ஏணிவழியே இறங்கித் தப்பியது. அதிகாரி சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தன. ஆனால், மேலதிகாரியின் கார் அந்தக் கூட்டத்தில்தான் சிக்கி நின்றிருந்தது. நடந்ததையெல்லாம் உள்ளிருந்தே பார்த்துவிட்ட அவர், இறங்கி வந்து அதிகாரியின் கையைக் குலுக்கினார்.

“பிரமாதம். நான் வர்ற நாள்லகூட வேலையை விட்டுக்கொடுக்கலை பாருங்க.”

எள்ளும் கொள்ளும் அந்தக் கணமே பூத்துவிட்டன. “வளைவாவது மண்ணாவதுன்னு நான்தாங்க ஐயா வண்டியை எடுக்கச் சொன்னேன். தலைமை ஓட்டுநருக்குச் சிபாரிசு பண்ணியிருந்தேனே, அது இவர்தான்.”

மேலதிகாரி திரும்பினார். மாமா வண்டியிலிருந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அத்தை, ‘ஆமாங்க ஐயா’ என்று ஓசையின்றி உதட்டை அசைத்துக் காட்டினார். மாமா அதைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார்.

“அப்படியா? இவர் சொன்ன உடனே எடுத்தீங்களா?”

“இல்லைங்க ஐயா. அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னார். புகை தெரிஞ்சுது, எடுத்துட்டேன்.”