நாற்பதாவது வாரத்துத் தட்டு

அந்தத் தொழிற்சாலையில் மாதமும் தேதியும் சம்பளத்துக்கு மட்டும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் வாரம். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் அது மூடப்பட்ட வாரத்தின் எண்ணை அச்சிடுவார்கள் என்பதால், அங்கே வேலை செய்கிறவர்களும் அப்படியே பேசப் பழகியிருந்தார்கள். குழந்தை பதினேழில் பிறந்தது என்பார்கள். மாமியார் முப்பத்தொன்றில் வந்தார், எந்த வாரம் கிளம்புவார் என்று தெரியவில்லை என்பார்கள். காலத்தை இவ்வளவு கறாராக வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் கல்யாணத் தேதியைச் சொல்ல விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது.

அவளை அங்கே எல்லாரும் நாற்பத்தாறு என்றுதான் கூப்பிடுவார்கள். அது பரிசோதகர் எண். அவள் பார்த்துத் தள்ளும் ஒவ்வொரு தட்டின் சீட்டிலும் அந்த எண் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை வயது என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் வயது அதைவிட இரண்டு குறைவு என்பதால், அவளுக்கு இரண்டு வருட வருத்தம்.

சேர்ந்த முதல் நாள் வகுப்பு எடுத்தார்கள். ஒரே துண்டு சிலிக்கனில் ஒரு மின்சுற்றை முழுசாக அடக்கிவிடலாம் என்பது ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இரண்டு பேருக்குத் தோன்றியது என்றும், யார் முதல் என்கிற வழக்கில் வக்கீல்கள் பல வருடம் சாப்பிட்டார்கள் என்றும் வகுப்பெடுத்தவர் சொன்னார். உலகத்தையே புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பு, மூலப்பொருள் வெறும் மணல் என்றார். பிறகு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வரக்கூடாது, இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வரவேண்டும் என்றார். அவள் மனதில் தங்கியது பவுடர்தான். இருபத்திரண்டு வருடமாக உலகம் புரண்டுகொண்டிருந்தது; அவள் பவுடர் போடாமல் இருந்தாள்.

வேலை என்னவோ எளிதுதான். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தட்டு வரும். தட்டில் நூறு சிப், ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் வளைந்து இறங்கி வெளிக்கால்களைத் தொடும். கம்பி இறங்குகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஒழுங்காக ஒட்டியிருந்தால் இடப்பக்கம், இல்லையென்றால் வலப்பக்கம். ஒரு சிப்புக்கு ஆறு வினாடி. இதில் மூன்றாவது பக்கம் என்று ஒன்று கிடையாது.

கிடையாது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வலப்பக்கம் போனால் மேலே சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வரிசை நிற்கும், இன்ஜினீயர்கள் இறங்கி வருவார்கள், கோளாறு பிடிபடும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே எண்ணிக்கை நாலைத் தொட்டதும், சரியா தப்பா என்று துணிந்து சொல்ல முடியாதவற்றை மட்டும் ஒரு மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து மேசையின் கீழ் டிராயரில் வைப்பது வழக்கம். அவற்றுக்கு விருந்தாளிகள் என்று பெயர். வேறொரு நாள், வரிசை நன்றாக ஓடும்போது, நல்ல தட்டுகளில் பத்து பத்தாகக் கலந்து மறுபடியும் பார்ப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கு அவை நல்லவையாகவே தெரியும். யார் இதை ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. அவள் சேர்ந்தபோதே டிராயரில் கிண்ணம் இருந்தது.

அவள் பார்த்து அனுப்பியவை எங்கே போயின என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தானாகவே தெரிந்தது. அவள் சேர்ந்தபோது வீட்டில் சிப் இருந்த ஒரே பொருள் கணவரின் கைக்கடிகாரம். அப்புறம் கால்குலேட்டர், துணி துவைக்கும் இயந்திரம், மளிகைக் கடைத் தராசு என்று வரிசையாக வந்தன. பேருந்து நடத்துனரான கணவர் ஒரு நாள் டிக்கெட் கட்டை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு, கழுத்தில் ஒரு இயந்திரத்தை மாட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் செருப்பு நடக்கும்போது பாட்டுப் பாடியது. அடுத்த மேசைக்காரி, தொண்டை கட்டியது கட்டியபடியே இருப்பதால் குயில் என்று பெயர் வாங்கியவள், இந்தச் செருப்புக்கா நாம் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று கேட்டாள்.

கடைசியில் அது கணவரின் நெஞ்சுக்குள்ளும் வந்து சேர்ந்தது. போன வருடம் ஓடும் பேருந்தில், படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். கதவு மூடியிருந்ததால் உள்ளே விழுந்தார். நாடி நிமிடத்துக்கு முப்பத்திரண்டுதான் என்றார்கள். இடது தோளுக்குக் கீழே தோலைக் கீறி ஒரு பேஸ்மேக்கரை வைத்தார்கள். சோம்பேறி இதயத்தை முதுகில் தட்டி எழுப்புகிற மேஸ்திரி என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். அதற்குள் இருக்கும் சிப் மனைவியின் தொழிற்சாலையில் செய்தது என்று தெரிந்தபோது, அதை டிப்போ முழுக்கச் சொல்லி, தெரிந்த பயணிகளுக்கும் சொன்னார். மற்றவர்களுக்குப் பெண்டாட்டி இதயத்தில் இருப்பதாகச் சும்மா சொல்ல வேண்டியிருக்கிறது, தனக்குச் சான்றிதழ் இருக்கிறது என்பார்.

அந்தச் சான்றிதழ் ஒரு சிறிய அட்டை. அதில் சாதனத்தின் எண் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, உடை மாற்றும் அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதாம் வாரங்களில் செய்த ஒருவகை சிப்பில், தங்கக் கம்பி இறங்கும் இடத்தில் நுண்ணிய கீறல் இருக்கக்கூடும். சில இதய சாதனங்கள் எதிர்பாராமல் செயலிழந்திருக்கின்றன. அந்த வாரங்களின் சாதனங்கள் யாருக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவோ அவர்களை மருத்துவமனைகள் கூப்பிட்டு, மாற்றிக் கொடுக்கும். கீழே எண்களின் பட்டியல்.

அவள் கணவரின் எண் அந்தப் பட்டியல் முடிந்து இருநூற்றுப் பதினொன்று தள்ளி இருந்தது. அதாவது நாற்பதாவது வாரம். அதாவது, காகிதத்தின்படி, தப்பித்தவர்.

அவள் கோட்டை மாட்டி, தலைமுடியை மூடி, மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். மதியம்வரை இருபத்தாறு தட்டு பார்த்தாள். வழக்கமாகவும் அவ்வளவுதான்.

முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் அவளுக்கு நினைவிருந்தது. கம்பி ஒட்டும் இயந்திரத்தில் சூடு சரியாக இல்லாமல், கம்பியின் காலடியில் நிழலா கீறலா என்று தெரியாத ஒன்று வந்துகொண்டே இருந்தது. கிண்ணம் நிறைந்தது. நாற்பதில் இயந்திரத்தைச் சரி செய்தார்கள். தட்டுகள் பளிச்சென்று வந்தன. அப்போது அவள்தான் அறுபது விருந்தாளிகளையும் கலந்தாள். வாரத்தின் எண் பரிசோதனைக்குப் பிறகுதான் அச்சாகும் என்பதால், எல்லாம் நாற்பது என்ற முதுகோடு வெளியே போயின. அவள்தான் அந்த வரிசையிலேயே கறார்க்காரி. ஆனால் இரண்டு வாரம் அதையே பார்த்துப் பார்த்து, அந்த நிழல் கம்பியின் இயற்கையான அங்கம் மாதிரி ஆகிவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு உடம்பும் நன்றாக இருந்தது, மனதும் நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எழுபது. விளம்பரம் முடிந்ததும் மறுபடி எண்ணினாள். எழுபது.

"என்ன, ஆசையா?" என்றார் அவர்.

"சும்மா."

"சும்மா பிடிக்கிற கை இப்படி நாடியைத் தேடாது," என்று சொல்லிவிட்டு அவர் டிவியில் மூழ்கிப்போனார்.

பயம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பாத்திரம் கழுவினாள், துணியை மடித்தாள். மேஸ்திரி நின்றுபோனால் இதயம் பழையபடி முப்பத்திரண்டுக்கு இறங்கும், அவர் சாய்வார், இந்த முறை கதவு திறந்திருக்கலாம் என்பதை எல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்க முடிந்தது. யாரோ எழுதிவைத்த பட்டியலைப் படிப்பது மாதிரிதான் இருந்தது. இரவு நன்றாகத் தூங்கினாள். அதுதான் மறுநாள் அவளுக்கு உறுத்தியது.

குயிலிடம் மட்டும் சொன்னாள், சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவும் இடத்தில். குயில் குழாயைத் திறந்தபடியே விட்டாள், சத்தத்துக்காக.

"எத்தனை கலந்தே?"

"அறுபது."

"அந்த வாரம் மொத்தம் போனது பதினாலாயிரம். கணக்குப் போட்டுப் பாருக்கா."

"போட்டாச்சு. இருநூத்தி முப்பத்திமூணுல ஒண்ணு."

"அப்புறம் என்ன? மாமா தினமும் ரோட்டைக் கடக்கிறதுல இதைவிட ஆபத்து இருக்கு." குயில் கையைத் துடைத்தாள். "நீ வாயைத் திறந்தா, உன் டிராயரோட நிக்காது. எல்லார் டிராயரும்தான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க படிக்குது. அதையும் கணக்குல சேர்த்துக்கோ."

குயில் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் அதையும் சேர்த்துக்கொண்டாள். ஒரு வாரம் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இருநூற்று முப்பத்திரண்டு ஒரு பக்கமும், ஒன்று மறுபக்கமும் இருந்தன. அந்த ஒன்று மட்டும் தினமும் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேருந்து ஏறப் போனது.

அடுத்த திங்கட்கிழமை தர அதிகாரியின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர், சொந்தக் கோப்பையை வீட்டிலிருந்து கொண்டுவந்து, மற்ற யாரும் எடுத்துவிடாமல் அதன்மேல் தன் பெயரை எழுதி வைத்திருப்பவர். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணம், அறுபது, நாற்பதாவது வாரம், கலந்தது நான்தான், அதில் ஒன்று என் கணவருக்குள் இருக்கலாம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டிராயரைத் திறந்து எதையோ தேடினார்.

"இதுக்கு ஃபார்ம் இல்லையேம்மா," என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, இந்த விருந்தாளி விவகாரம் எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

"நான் வந்த நாள்லேருந்து சார். அதுக்கு முன்னாடியும்."

பேனா நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் ஊழியர்களின் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை சிப் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் குளிரூட்டி, மேசையில் டெலிபோன், சட்டைப்பையில் இன்னொரு டெலிபோன்.

"அப்போ எல்லா வாரமும்," என்றார்.

"எல்லா வாரமும்தான்."

அவர் தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். இன்னொரு தாளை எடுத்தார். "நீங்க நாற்பதாவது வாரத்தைப் பத்தி மட்டும் சொல்ல வந்தீங்க. அப்படித்தானே?"

உண்மையில் அவள் அதற்காகத்தான் வந்தாள். உலகத்தைத் திருத்த அவள் வரவில்லை. ஒரு பட்டியலில் ஒரு வரி சேர வேண்டும், அவ்வளவுதான். ஆமாம் என்றாள். கையெழுத்துப் போட்டாள். கீழே எண் எழுதச் சொன்னார், எழுதினாள்.

பதினோரு நாளில் பலகையில் புதுக் காகிதம் வந்தது: கூடுதல் முன்னெச்சரிக்கையாக நாற்பதாம் வாரமும் சேர்க்கப்படுகிறது. கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைச் சீருடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். கோட்டுகளை அளவு வாரியாக அடுக்குகிற வேலை, மைக்ராஸ்கோப் தேவையில்லை. பரிசோதனை மேசைகளின் கீழ் டிராயர்களை ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்துப் பெரிய அளவுக் கோட்டு வாங்க வந்த குயில், விருந்தாளிகள் இப்போது டிபன் பாக்ஸில் தங்குகிறார்கள் என்றாள். அவளோடு பேசினாள் என்பதே பெரிய விஷயம்; மற்றவர்கள் பேசவில்லை.

மருத்துவமனையிலிருந்து தேதி வந்த அன்று கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததை நடந்த மாதிரியே, அதிகாரியிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னாள். அவளுக்கு வேறு வரிசை தெரியவில்லை. அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"முதல் காகிதம் ஒட்டின அன்னைக்கே."

"அப்புறம் எத்தனை நாள் யோசிச்சே?"

"ஒரு வாரம்."

அவர் தலையாட்டினார். அந்த ஒரு வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போனார், தினமும் எட்டு நடை. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார்.

அறுவைச் சிகிச்சை முக்கால் மணி நேரம். அவள் வராந்தாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரின் ஓடுகளைப் பார்த்தாள். பன்னிரண்டு வரிசை, ஒன்றில் மட்டும் மூலையில் கீறல். டாக்டர் வெளியே வந்து எல்லாம் சுபம் என்றார். எடுத்த பழைய சாதனத்தைச் சோதிப்பார்களா, அதில் கீறல் இருந்ததா என்று அவள் கேட்டாள். ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்க மாட்டார்கள், மொத்தமாக அழித்துவிடுவார்கள் என்றார். புதிது வேறு தொழிற்சாலையுடையது, அங்கே மனிதக் கண்ணே படுவதில்லை, இயந்திரம்தான் பார்க்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த இயந்திரத்துக்குள் யாருடைய சிப் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார். ஊரில் வேறு யாரிடம் காட்டியிருந்தாலும் அவர்கள் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

"இது சரியா இருக்குமா?" என்று கேட்டார்.

அவள் எண்ணைப் படித்தாள். வாரம் எது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியலைங்க," என்றாள்.

அவர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்புறம் சரி என்று சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட தோளை அசைக்காமல், வலது கையை முதலில் சட்டைக்குள் விட்டார்.