அல்வீனா அக்காவின் மஞ்சள் தூண்

அலாஸ்காக் கரையில் இருக்கும் எங்கள் டாலின் துறையில் கோடை பிறந்ததை அல்வீனா அக்காவின் தொண்டை சொல்லிவிடும். மே மாதக் கடைசியில் முதல் வீட்டு வண்டி வந்து கப்பல் துறையில் நிற்கும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை என்று ஒரு குடித்தனத்தையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு கரையோரமாக ஊர் ஊராகப் போகிறவர்கள். ஓட்டுகிறவர் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசாமி. பக்கத்தில் மனைவி, மடியில் வரைபடம். எங்கள் ஊரோடு சாலை முடிந்துவிடும். மேற்கொண்டு போக வேண்டுமென்றால் 'பஃபின்' கப்பலில் ஏறியாக வேண்டும். அந்தக் கப்பலுக்கு ஒரே கதவு, உள்ளே வண்டியைத் திருப்ப இடமும் கிடையாது. அதனால் நீளமான வண்டிகள் எல்லாம் பின்பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும்.

பின்பக்கமாகப் போவது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று நினைப்பவர்கள் எங்கள் சாய்பாலத்தைப் பார்த்ததில்லை. கரையிலிருந்து கப்பலுக்கு இறங்குகிற இரும்புப் பாலம் அது. கடல் ஏறியிருக்கும்போது பலகை மாதிரி படுத்திருக்கும். கடல் வற்ற வற்றச் செங்குத்தாகிக்கொண்டே போகும். வண்டியின் வால் தரையில் தேயும். போதாததற்குக் கடைசியில் ஒரு வளைவு வேறு. அதைக் கட்டியவர் யாரென்று தெரிந்தால் ஊரே திரண்டு போய் நாலு வார்த்தை கேட்கத் தயாராக இருக்கிறது.

வளைவு முடிகிற இடத்தில், கப்பல் வாயிலில் ஓட்டுகிறவரின் வலது ஓரம், ஒரு மஞ்சள் தூண். அதன் பக்கத்தில்தான் அக்கா நிற்பாள். ஆரஞ்சு மழைச்சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உயர்த்திய இரண்டு கைகள். வண்டிகளுக்குக் கை காட்டி உள்ளே விடுவது அவள் உத்தியோகம். கையைவிட வாய் அதிகம் வேலை செய்தது.

"ஏய், நீலச் சட்டை! கடலைப் பாக்கவா காசு கட்டுன? கையைப் பாருய்யா, கையை! இடதுன்னா உங்க ஊர்ல எந்தப் பக்கம்? அம்மா, நீங்க வாயை மூடுங்க. ஒரு வண்டிக்கு ஒரு வாய் போதும், அது என் வாய்!"

டெக்சாஸில் பெரிய எண்ணெய்க் கிணறு வைத்திருந்தவர்கூட அக்கா முன்னால் வியர்த்திருக்கிறார். அதில் ஒரு நன்மையும் இருந்தது. சாய்பாலத்தின் உச்சிக்கு வரும்போது எல்லாப் புருஷன் பெண்டாட்டிகளும் அடித்துக்கொள்ளாத குறையாக வருவார்கள். அக்காவிடம் ஒரு டோஸ் வாங்கியதும் இருவரும் ஒரு கட்சியாகிவிடுவார்கள். உள்ளே வந்து இறங்கியதும் "யாரு சார் அந்தப் பிசாசு?" என்று இருவரும் ஒரே குரலில் என்னிடம் கேட்பார்கள். ஒரு வருடம் அக்கா ஃபுளூ வந்து படுத்துவிட்டாள். அந்த வாரம் ஒரு அம்மாள் பாலத்தின் நடுவிலேயே இறங்கிப் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டாள்.

நான் அந்தக் கப்பலில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறவன். வண்டி உள்ளே வந்து நின்றதும் உருளாமல் கட்டை கொடுத்துச் சங்கிலி மாட்ட வேண்டும். அதனால் எப்போதும் கதவுக்கு உள்ளே, ஓட்டுகிறவரின் இடது பக்கமாக நிற்பேன். நிற்கிற நேரத்தில் கட்டை விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பது என் வழக்கம்.

இத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்த அக்காவிடம் ஒரு சங்கதி உண்டு. அவளுக்குப் பின்பக்கமாக ஓட்ட வராது. மளிகைக் கடைக்குப் போனாலும் தேவாலயத்துக்குப் போனாலும் தன் பழைய பிக்கப்பின் மூக்கை உள்ளே சொருகி நிறுத்துவாள். வெளியே எடுக்க ஆர்ன் மாமா நடந்து வருவார். ஆர்ன் மாமா அவள் வீட்டுக்காரர், ஹாலிபட் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். அவர் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டால் ஊரில் பலருக்குத் தெரியாது. அந்த வீட்டில் அவருக்கு முறை வந்ததில்லை.

போன வருடம் அக்கா ஓய்வு பெற்றாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்த ரோமெல் அந்த இடத்துக்கு வந்தான். அக்கா அவனுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தாள். அதில் ஒன்பது நாள் திட்டப் பழக்கினாள். மாமா தன் பங்குக்கு ஒரு பழைய வீட்டு வண்டியை வாங்கினார். பழுப்பு நிறம், பக்கவாட்டில் ஒரு ஆரஞ்சுப் பட்டை. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என் ஆயுசு முழுக்க எதைத் திட்டுனேனோ அதையே வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தியிருக்கீரு" என்றாள்.

ஜூலையில் அவர்கள் மகள் சிக்ரிட்டுக்கு நீருக்கு அந்தப் பக்கம் செல்டன் ஊரில் கல்யாணம். சனிக்கிழமை முகூர்த்தம் என்றால் வியாழக்கிழமை 'பஃபின்' ஏறியாக வேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பல் அடுத்த வியாழன். கல்யாணக் கேக்கும் அக்கா கையால்தான். அவர்கள் நார்வேக் குடும்பம். பாதாம் மாவில் வளையம் வளையமாகச் சுட்டு, பெரிசிலிருந்து சிறிசாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கோபுரமாக்குவார்கள். உச்சியில் குட்டிக் குட்டிக் கொடிகள். அந்தக் கோபுரத்தை வண்டியின் படுக்கையில் உட்காரவைத்து, சுற்றிலும் தலையணை முட்டுக் கொடுத்து, இடுப்பில் சீட் பெல்ட்டும் கட்டியிருந்தாள்.

அன்று கடல் வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. பாலம் நிமிடத்துக்கு நிமிடம் செங்குத்தாகிக்கொண்டிருந்தது. கேப்டன் ஒலிபெருக்கியில், "இன்னும் இருக்கிறது ரெண்டு வீட்டு வண்டி. பாலம் சிவப்புக் கோட்டுக்கு இறங்கிட்டா கதவைச் சாத்திடுவேன், யாரா இருந்தாலும் சரி" என்றார். அந்த 'யாரா இருந்தாலும்' யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

மாமா மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தார். மஞ்சள் தூண் பக்கத்தில் ரோமெல் கையை உயர்த்திக் கத்தினான். பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டாள்.

"ரோமெல், அது என்னடா கத்தல்? வயித்துலேர்ந்து வரணும்! யோவ், இடது! இடதுங்கறேன், வலதுல திருப்புறீரு! கேக்கு ஆடுது, கேக்கு ஆடுது! உம்மகிட்ட வண்டியக் குடுத்தது யாருய்யா?"

மாமா பிரேக் போட்டார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி அக்கா மடியில் வைத்தார்.

"என்னது இது?"

"சாவி."

"தெரியுது. எதுக்கு?"

"நீயே ஓட்டு. ஊருக்கெல்லாம் நீதான சொல்லிக் குடுத்த?"

அவ்வளவுதான். தேநீர்க் குடுவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓரப் படிக்கட்டு வழியாகக் கப்பலில் ஏறி, நேராகச் சிற்றுண்டிச் சாலைக்குப் போய்விட்டார். அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

முன்னாலேயே ஏறியிருந்த பயணிகளெல்லாம் மேல்தளக் கம்பியில் வந்து சாய்ந்துவிட்டார்கள். அதற்கு முந்தின கோடையில் அக்காவிடம் அநியாயத்துக்குத் திட்டு வாங்கிய ஒரு பருமனான மனிதர், அரிசோனாக்காரர், மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சோளப்பொரி எடுத்து வந்தாள்.

அக்கா ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள். கடைசி வண்டி பின்னால் ஹாரன் அடித்தது. சிக்ரிட்டைக் குழந்தையிலிருந்து பார்த்தவன் நான். அம்மா இல்லாமல் அந்தப் பெண் கல்யாணத்தில் நிற்பதை நினைக்கவே முடியவில்லை.

வண்டி இரண்டடி வந்தது. நின்றது. இன்னும் ஓரடி. வளைவில் வால் திரும்பியது.

"ரோமெல்!" அக்காவின் குரல் கிறீச்சிட்டது. "எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"இங்கதான்க்கா நிக்கிறேன்! தூண்கிட்ட!"

"தூண்கிட்டயா? வலது பக்கக் கண்ணாடியில கடலுதான்டா தெரியுது!"

"நீங்க நின்ன அதே எடம்தான்க்கா! அடி பிசகாம நிக்கிறேன்!"

சோளப்பொரி மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. மடக்கு நாற்காலியிலிருந்து அரிசோனாக்காரர் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "ஆமாங்க. எங்களுக்கும் கடல்தாங்க தெரிஞ்சுது."

அக்கா ஜன்னல் வழியாக அண்ணாந்து அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக இடது பக்கக் கண்ணாடிக்குத் திரும்பினாள். அதில் முழுசாக, தெளிவாக நான் இருந்தேன். என் கட்டை விரல் அதுபாட்டுக்கு இடது பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. பாக்கெட்டுக்குள் ஒளிக்கலாம் என்றால் நேரம் கடந்துவிட்டது.

"நிக்கோலாய்."

"அக்கா."

"விரலை ஆட்டுடா."

ஆட்டினேன். இடது, கொஞ்சம் நேர், மறுபடி இடது. அக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். வால் ஒரு தடவை இரும்பில் உரசிய சத்தத்தில் எல்லோர் பல்லும் கூசியது. வண்டி உள்ளே வந்து நின்றதும் கட்டை வைத்தேன். அவள் முதலில் படுக்கைப் பக்கம் ஓடினாள். கோபுரம் நின்றிருந்தது. உச்சி வளையம் மட்டும் இரண்டு கொடிகளோடு தலையணையில் விழுந்து கிடந்தது.

இறங்கி வந்து என் எதிரே நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எப்பலேர்ந்துடா?"

"நீங்க வந்த மொதக் கோடைலேர்ந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ரோமெலத் தவிர எல்லாருக்கும் தெரியும்க்கா."

"அவருக்கு?"

"மாமாதான்க்கா வந்து சொன்னாரு. அவ நிக்கிற எடம் சரியில்ல, எதையும் அவகிட்ட சொல்லாத, நீ உள்ளேர்ந்து பாத்துக்கன்னாரு."

"எங்கிட்ட ஒருத்தனுக்கும் சொல்லத் தோணலயா?"

"அக்கா, உங்ககிட்ட யாரு சொல்றது?"

அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வராததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "ஒரு மரத்துக்குச் சட்டை போட்டு நிறுத்தியிருந்தாலும் இதே வேலை நடந்திருக்குமில்ல?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாலத்தின் மேலே பெரிய கூச்சல்.

கடைசி வண்டி பாலத்தின் நடுவில் கோணலாக நின்றிருந்தது. சிவப்புத் தொப்பி போட்ட மனிதர், பக்கத்தில் அவர் மனைவி. "உங்கம்மா சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்!" என்று அந்த அம்மாள் அழுதுகொண்டே கத்தினாள். "எங்கம்மாவ எதுக்கு இழுக்கிற?" என்று அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கத்தினார். பின்சக்கரம் ஓரக் கம்பியைத் தொட இன்னும் ஒரு சாண்தான். நான் விரலை ஆட்டிப் பார்த்தேன்; அந்தச் சண்டையில் அதை யார் பார்த்தது? ரோமெல் தன்னை யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்த அதிர்ச்சியில் கையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தான். கேப்டன் சங்கை ஊதினார்.

அக்கா அந்த வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் இருந்த பக்கம் வருவாள் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டேன். அவள் ரோமெலைத் தள்ளிவிட்டு மஞ்சள் தூண் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஏய், சிவப்புத் தொப்பி! பொண்டாட்டிகிட்ட சண்டை போடவா அலாஸ்கா வரைக்கும் வந்த? அத வீட்லயே போட்டிருக்கலாமே, டீசலாவது மிச்சம்! அம்மா, நீங்க அழுறத அந்தாண்ட போய் அழுவுங்க! கையைப் பாருய்யா, கையை!"

உள்ளே சண்டை சட்டென்று நின்றது. இருவரும் ஒன்றாக வெளியே தலையை நீட்டி, எங்கிருந்து இந்தக் குரல் வருகிறது என்று தேடினார்கள்.

"யாருங்க இந்தப் பிசாசு?"

"தெரியலயே. நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்று அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இடது கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

அக்கா கையை உயர்த்திப் பிடித்தபடியே வாயிலின் குறுக்கே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரலை இடது பக்கம் சாய்த்தேன்.

"இடது!" என்று அவள் வயிற்றிலிருந்து கத்தினாள்.