லிஃப்ட்டில் போன நாய்

அருள்மேரி பொழிச்சலூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, குரோம்பேட்டையில் எங்கள் அடுக்குமாடியின் நான்கு தளங்களையும் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறவர். கையில் நிறைந்த வாளி இருந்தாலும் படிக்கட்டுதான். வேலையாட்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று அசோசியேஷன் போர்டு மாட்டியிருக்கிறது. அந்த போர்டையும் அவர்தான் துடைப்பார்.

தினமும் மாட்டெலும்பை உப்பில்லாமல் வேகவைத்துக் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியே கருப்பனுக்கு வைப்பார். கருப்பன், கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாகக் காதுநுனி வெட்டிய தெருநாய். அந்தக் கருத்தடை ஏற்பாடு நாலாவது மாடி ரோஹிணியுடையது. வங்கி அதிகாரி, விலங்குகளுக்காக ஊர்வலம் போகிறவள்.

செயலாளர் ராகவேந்திராவுக்கு நாயும் ஆகாது, எலும்பும் ஆகாது. "இதெல்லாம் உங்க ஏரியாவோட நிறுத்திக்கோ" என்பார் அருள்மேரியிடம்.

அந்த ஞாயிறு, மழைக்கு ஒதுங்கிய கருப்பன் கார் நிறுத்துமிடத்தில் படுத்திருந்தது. ராகவேந்திரா இரும்புக் குழாயோடு வந்தார். முதல் அடியில் பின்னங்கால் முறிந்தது. இரண்டாவதில் தாடை கிழிந்தது. அருள்மேரி ஓடிவந்து நாய் மேல் விழுந்தார்.

"வேணாம் சார், செத்துடும் சார்."

"உன்னையும் சேர்த்து வெளுத்தாதான் புத்தி வரும்."

அடுத்த இரண்டு அடியும் அருள்மேரியின் வலது கையில். எலும்பு உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தோம். வெட்கங்கெட்ட கூட்டம், அதில் நானும் ஒருவன்.

ரோஹிணி வந்து ராகவேந்திராவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். நாயைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "மேல வாங்கக்கா, போலீஸ் கம்ப்ளெயின்ட் எழுதணும்" என்று லிஃப்ட்டுக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

அருள்மேரியின் கால்கள் பழக்கத்தில் படிக்கட்டுக்குத் திரும்பின. நான் பின்னாலேயே ஏறினேன். உடைந்த கையிலிருந்து படிக்குப் படி ரத்தம் சொட்டியது. தளத்துக்குத் தளம் உட்கார்ந்து எழுந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ரோஹிணி நாய்க்குக் கட்டுப்போட்டு, ஒரு பக்கம் எழுதியும் முடித்திருந்தாள்.

"ஏங்க்கா இவ்ளோ லேட்டு?"

"படியேறித்தானம்மா வர்றேன். இன்னா எழுதிகீறே, படி."

படித்தாள். கால், தாடை, விலங்குவதைச் சட்டம், எல்லாம் இருந்தது.

"என் கை எங்க வருது?"

ரோஹிணி தொங்கிய கையைப் பார்த்தாள். அழுதுவிட்டாள். காகிதத்தைக் கிழித்துப்போட்டு, புதிய தாளில் அருள்மேரி பெயரை முதலில் எழுதினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அருள்மேரி படிக்கட்டுப் பக்கம் போய், நின்று, திரும்பினார். இடது கையால் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

கீழே கதவு திறந்ததும் எதிரில் ராகவேந்திரா. குழாய் இன்னும் கையில்.

"யாரைக் கேட்டு இதுல வந்தே?"

பதினோரு வருடமாக சார் போட்ட வாய், அன்று போடவில்லை.

"நீ அடிச்ச நாயி இதுலதான் மேல போச்சு. நீ அடிச்ச நானும் இதுலதான் வருவேன். நவுரு."