மாமி வளர்த்த கிளி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். வனத்துறையில இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அது மட்டும் மாறலை. ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுல பச்சைக்கிளி வளர்க்குறாங்கன்னு புகார் வந்து போனப்பவும், "இது குற்றம்னு தெரியாதா மாமி?"ன்னு வாசல்லயே ஆரம்பிச்சுட்டேன்.

தனியா இருந்த அந்த மாமி அசரலை. "ஆண்டாள் கையிலகூடத்தான் கிளி இருக்கு. அவ மேலயும் கேஸ் போடுவேளா?"

சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டு, கிளியை எங்ககிட்ட ஒப்படைச்சிடுங்கன்னு சொன்னேன். மாமி விறுவிறுன்னு கூண்டைத் தூக்கிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாங்க. "ஒங்களுக்கு எதுக்கு சிரமம்? நானே பறக்க விட்டுடறேன்"னு நான் தடுக்குறதுக்குள்ள கதவைத் திறந்துட்டாங்க. புண்ணியம்னுதான் நினைச்சிருப்பாங்க.

கிளி வெளியே வந்து கைப்பிடிச் சுவர்ல நின்னு எவ்வுச்சு. தொப்புன்னு மாடித் தரையில விழுந்துச்சு. எங்கிருந்துதான் வந்துச்சோ ரெண்டு காக்கா! நான் ஓடிப்போய் துண்டைப் போட்டு மூடி, அப்படியே அள்ளினேன். பார்த்தா ரெண்டு பக்கமும் இறகை வெட்டியிருக்கு.

"வெளில போய் பூனை வாயில விழுந்துடக் கூடாதேன்னு நான்தான் வெட்டினேன். இத்தனை நாள்ல முளைச்சிருக்கும்னு நெனச்சேன்"னு மாமி அழுதாங்க. திட்ட வந்த நான், "அட்டைப்பெட்டி ஏதாவது இருக்கா மாமி?"ன்னு கேட்டேன்.

துளை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு எங்க பறவைகள் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுவந்தோம். புது இறகு முளைக்கணும், மனுஷப் பழக்கமும் விடணும். இல்லேன்னா எவன் கூப்பிட்டாலும் தோள்ல போய் உட்காரும், மறுபடி கூண்டுதான். அதனால வளர்த்தவங்க வந்து பார்க்கக் கூடாது. மாமி வாராவாரம் போன் பண்ணுவாங்க. "தூரக்க நின்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேனே." முடியாதுன்னா முடியாதுன்னு கத்தியிருக்கேன். கத்திட்டு வருத்தப்பட்டும் இருக்கேன்.

சில மாசத்துல அது பெரிய வலைக்கூண்டுக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்துச்சு. வெளியே விடுறதுக்கு முந்தின நாள், மேலதிகாரிகிட்ட நானே கெஞ்சி மாமியை வரவழைச்சேன். கிளி கண்ணுல படாம ஓலைத் தட்டிக்குப் பின்னால நிறுத்தி, "ஒரு வார்த்தை பேசக் கூடாது மாமி. உங்க குரல் கேட்டா அவ்வளவுதான்"னேன். தலையாட்டினாங்க.

கிளி எங்களைப் பார்க்கலை. கிளையில உட்கார்ந்து அதுபாட்டுக்கு, அச்சு அசல் மாமி குரல்லயே, "வாடி கண்ணு, பசிக்கறதா?"ன்னுச்சு.

மாமி முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு நின்னாங்க. அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அவங்ககிட்டேயிருந்து ஒரு சத்தம் வரலை.